எத்தனை இலை போடுவது? இணையத்தில் முதல் படிவம் தயாரிக்கிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஒரு படிவம் தயாரித்து, நாலு பேருக்கு அனுப்பி, பதில் வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். வானொலியில் திரையைக் காட்ட முடியாதே என்று முதலில் யோசித்தேன். ஆனால் இந்த வேலையில் முக்கால் பங்கு திரைக்கு வெளியேதான் நடக்கிறது. ஒரு பழைய டைரியும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் அப்புறம்.

ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். உங்கள் படைப்பு வீட்டில் அடுத்த மாதம் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுப் பங்காளிகள் எல்லாரும் கூடிச் சாப்பிடும் நாள். பங்காளிகளில் கொஞ்சம் பேர் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருக்கிறார்கள். நிறையப் பேர் சென்னையில். மீதிப் பேர் கோலாலம்பூர், சிங்கப்பூர். குரூப்பில் "யார் யார் வருகிறீர்கள்?" என்று ஒரு செய்தி போடுகிறீர்கள். பதிலுக்குக் கைகூப்பும் படமாக வந்து குவிகிறது. வருகிறோம் என்று அர்த்தமா, நல்லபடியாக நடக்கட்டும் என்று அர்த்தமா, போட்டவருக்கே தெரியாது. இதற்கிடையில் சமையல்காரர் முகப்பில் வந்து நின்று கேட்கிறார்: "எத்தனை இலை?"

படிவத்தை அவருடைய கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு ஓர் எண் வேண்டும். அதுவும் வேளைக்கு ஓர் எண் வேண்டும். காலைப் பலகாரத்துக்கு எத்தனை, மதியத்துக்கு எத்தனை, ராத்திரி எத்தனை பேர் தங்கிச் சாப்பிடுவார்கள். டைரியில் முதலில் கேள்விகளை எழுதாதீர்கள். வரப்போகும் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். இலை போட வேண்டும். தங்க இடம் பார்க்க வேண்டும். ரயிலடிக்கு வண்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்குத் தேவையான கேள்வியை எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லையோ அதை அடித்துவிடுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள். "பிறந்த தேதியும் கேட்டு வைப்போமே, மின்னஞ்சலும் கேட்போமே, இருந்தால் நல்லதுதானே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். எதற்கு நல்லது என்று கேளுங்கள். பதில் வராது. எட்டுக் கேள்வியை ஒருவர் பேருந்தில் நின்றுகொண்டே முடித்துவிடுவார். இருபத்தைந்து கேள்வி என்றால் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்று மூடிவிடுவார். வீட்டுக்குப் போய் யார் பார்த்தது?

அடுத்தது, யாரை எண்ணுகிறோம் என்பது. இதில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் கோயில் வரி புள்ளிக்கணக்கில்தான் எழுதுகிறார்கள். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஒரே வளவு வீட்டுக்குள் அப்பச்சியும் கல்யாணமான இரண்டு மகன்களும் இருந்தால் வீடு ஒன்று, புள்ளி மூன்று. மகன்களுக்குத் தனிச் சமையல் என்று வேறு வைத்த பிறகு அடுப்பும் மூன்று. இப்போது படிவத்தில் "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன ஆகும்? அப்பச்சி எல்லாரையும் சேர்த்து ஒன்பது என்பார். மூத்தவர் தன் கணக்காக நான்கு என்பார். இளையவர் மூன்று. மொத்தம் பதினாறு இலை. வந்து உட்காரப்போவது ஒன்பது பேர். கணினி இதைக் கண்டுபிடிக்காது. அதனால் தலைப்புக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்: "புள்ளிக்கு ஒருவர் மட்டும் நிரப்பவும். உங்கள் புள்ளியில் வருகிறவர்களை மட்டும் எண்ணிச் சொல்லவும், குழந்தைகளையும் சேர்த்து." இந்த இரண்டு வரிக்கு ஈடான வசதி எந்த மென்பொருளிலும் கிடையாது.

சரி, இப்போது போனையோ கணினியையோ எடுக்கலாம். முதல் தடவைக்குக் கணினி இருந்தால் சிரமம் குறைவு. கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். பிரௌசரின் முகவரிப் பட்டையில், ஆங்கில எழுத்தில், ஃபார்ம்ஸ், ஒரு புள்ளி, நியூ என்று தட்டினால் வெற்றுப் படிவம் திறக்கும். மேலே தலைப்பு, கீழே விளக்கம், அதற்குக் கீழே கேள்விகள். தமிழிலேயே தட்டலாம். தட்டப் பிடிக்காதவர்கள் போன் விசைப்பலகையில் இருக்கும் மைக்கை அழுத்திச் சொல்லலாம்.

கேள்வி போடும்போது பதில் எந்த வகையில் வர வேண்டும் என்று அது கேட்கும். ஷார்ட் ஆன்சர் என்றால் ஒரு வரி எழுதுவது. பாராகிராஃப் என்றால் விரிவாக எழுதுவது. மல்டிபிள் சாய்ஸில் பலவற்றில் ஒன்றைத் தொடலாம், செக்பாக்ஸில் எத்தனை வேண்டுமானாலும் தொடலாம், டிராப்-டவுன் நீளமான பட்டியலுக்கு. மற்ற வகைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஷார்ட் ஆன்சரே வைப்பார்கள். அதன் பலன் பிறகு தெரியும். ஊர்ப் பெயரை எழுதச் சொன்னால் கானாடுகாத்தானை ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் இரண்டு சொல்லாகப் பிரித்து, இன்னொருவர் எழுத்துப்பிழையோடு. நமக்கு ஒரே ஊர். கணினிக்கு நாலு ஊர். எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று பார்க்க உட்கார்ந்தால் ஒரு சாயங்காலம் போய்விடும். ஊர்களை டிராப்-டவுனில் கொடுத்து, கடைசியில் "மற்ற ஊர்" என்று ஒன்று வையுங்கள். டிராப்-டவுனில் எழுதிச் சேர்க்கும் இடம் வராது என்பதால், அதற்கு அடுத்து ஒரு சின்னக் கேள்வி: "மற்ற ஊர் என்றால் பெயர்?"

எத்தனை பேர் என்ற கேள்விக்கும் இதே கதைதான். எழுதவிட்டால் "2+1" வரும், "குடும்பத்தோடு" வரும், "அநேகமாக நாலு" வரும். கேள்வியின் கீழ்மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டு ரெஸ்பான்ஸ் வேலிடேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எண் தவிர வேறெதையும் ஏற்காதே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தக் கண்டிப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணுக்குச் சரியாகப் பத்து இலக்கம் என்று கட்டளை போட்டுவிட்டால், மலேசியாவிலிருந்து நிரப்புகிற சித்தப்பா வெளியே நிற்க வேண்டியதுதான். அவர் எண்ணின் இலக்கக் கணக்கு வேறாக இருக்கலாம். அவருக்குத் தெரிவதெல்லாம் சிவப்பு எழுத்தில் ஒரு திட்டு. நாலு தடவை பார்த்துவிட்டு, "என்னப்பா, எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீர்களா" என்று போன் செய்வார். இன்னொன்றும் உண்டு. பதில்கள் போய்ச் சேரும் அட்டவணை, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எண் என்று நினைத்து விழுங்கிவிடும். அட்டவணையில் தொலைபேசி எண் விழும் பத்தியை முன்கூட்டியே வெறும் எழுத்து என்று, பிளெயின் டெக்ஸ்ட் ஆக, மாற்றி வைத்துவிடுங்கள்.

பெயருக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். அது நம் பெயர்களுக்கான ஏற்பாடு இல்லை. இனிஷியலோடு பெயர், ஒரே கட்டம்.

முதல் கேள்வியாக "வருகிறீர்களா?" என்பதை வையுங்கள். வருகிறோம், வர இயலவில்லை, இன்னும் முடிவாகவில்லை என்று மூன்று பதில். வர இயலாதவரிடம் எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று கேட்பது அசட்டுத்தனம். படிவத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பதிலைப் பொறுத்து அடுத்த பகுதிக்கு அனுப்பலாம். வர இயலாதவர் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுவார். மல்டிபிள் சாய்ஸிலும் டிராப்-டவுனிலும் மட்டும்தான் இது நடக்கும். வந்து சேரும் நேரத்தையும் மணி கேட்டு வாங்காமல் பட்டியலாகக் கொடுங்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் இரவில்தான் காரைக்குடியில் இறங்குவார்கள். "முதல் நாள் இரவு, பல்லவன்" என்று ஒரு வரி இருந்தால் வண்டி ஏற்பாடு செய்கிறவருக்கு அதுவே போதும்.

இதுவரை சொன்னது எண்ணிக்கை எடுக்கும் படிவம். கருத்துக் கேட்கும் படிவம் வேறு ஜாதி. அதில் கேள்வியின் வார்த்தையே பதிலைத் திருப்பிவிடும்.

நம் பகுதியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர்களின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஒரு கல்லூரி மாணவி தன் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றிக் கருத்துக்கணிப்பு எடுக்க நினைக்கிறார் என்று வையுங்கள். "நம் முன்னோர் கட்டிய அருமையான வீடுகளை இடிக்காமல் காப்பது அவசியம்தானே?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? எல்லாரும் ஆமாம் என்பார்கள், அந்த ஆமாமுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. "கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வீட்டில் பழுதுபார்த்தீர்களா? எந்தப் பகுதி? வேலை நிற்கிறது என்றால் எதனால்?" என்று கேட்கட்டும். பணமா, ஆள் கிடைக்கவில்லையா, பங்காளிகள் ஒத்துவரவில்லையா என்று தெரியவரும். எனக்குத் தெரிந்தவரை மூன்றாவது காரணத்தை யாரும் பெயர் போட்டு எழுத மாட்டார்கள். அதனால் பெயர் கேட்காமல் இருப்பது நல்லது.

"வீடும் தெருவும் சுத்தமாக இருக்கிறதா?" மாதிரி ஒரே மூச்சில் இரண்டைக் கேட்பதும் வேண்டாம். வீடு சுத்தம், தெரு மோசம் என்கிறவர் எதைத் தொடுவார்?

இன்னொரு சிக்கல், பதில் சொன்னவர்கள் யார் என்பது. குரூப்பில் லிங்க் போட்டால் குரூப்பில் இருப்பவர்தான் நிரப்புவார். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர் அந்தக் குரூப்பிலேயே இருக்க மாட்டார். அந்த வீட்டைக் காவல் காக்கும் பெரியவரிடம் இணைய வசதியுள்ள போன் இருக்குமா என்பதே சந்தேகம். ஒரே வீட்டுக்கு ஏழு பங்காளிகள் பதில் அனுப்பினால் ஏழு வீடு என்று கணக்கு வரும். ஆகவே நேரில் போய் அப்பத்தாக்களிடம் கேட்டு, நாமே போனில் நிரப்புவதுதான் வழி. அப்படிச் செய்யும்போது "நிரப்பியவர் வீட்டுக்காரரா, கேட்டு எழுதியவரா?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். சிக்னல் கிடைக்காத உள்கட்டுகளுக்குள் போக வேண்டியிருந்தால் கோபோ டூல்பாக்ஸ் என்று இன்னொரு படிவக் கருவி இருக்கிறது. இணையம் இல்லாமலே நிரப்பிவிட்டு, வெளியே வந்து அனுப்பலாம்.

அனுப்புவதற்கு முன் இரண்டு மூன்று விஷயம். படிவத்தில் பப்ளிஷ் என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்திய பிறகுதான் மற்றவர்களுக்குத் திறக்கும். மேலே முகவரிப் பட்டையில் தெரியும் லிங்கை நகல் எடுத்து அனுப்பாதீர்கள். அது நீங்கள் திருத்துகிற பக்கத்தின் முகவரி. பதில் சொல்கிறவர்களுக்கான லிங்கைப் படிவமே தனியாகக் கொடுக்கும். அதை அனுப்பி, கணினி பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து உங்கள் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள். அவர் எங்கே விரலை நிறுத்தி யோசிக்கிறாரோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லிவிடாதீர்கள். படிவம் ஊர் ஊராகப் போகும்போது கூடவே நீங்கள் போகப் போவதில்லை. கடைசிக் கேள்விக்குக் கீழே "சப்மிட் பொத்தானை அழுத்தினால்தான் எங்களுக்கு வந்து சேரும்" என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அப்படியே மூடிவிடுகிறவர்கள் ஏராளம்.

புகைப்படமோ ஆவணமோ ஏற்றச் சொன்னால், நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்ளே வந்தாக வேண்டும். வயதானவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒருவர் ஒரு தடவைதான் நிரப்பலாம் என்ற கட்டுப்பாட்டுக்கும் அதே நிபந்தனை உண்டு. ஆதார் எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். மற்றவர்களின் விவரத்தை டிஜிட்டலாகச் சேர்ப்பவர்களுக்கு என்று 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. குடும்பக் காரியத்துக்குச் சட்டம் எதற்கு என்று நினைத்தாலும், சித்தியின் தொலைபேசி எண் யார் யார் கைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? "இந்த விவரம் படைப்பு ஏற்பாட்டுக்கு மட்டும், முடிந்ததும் நீக்கிவிடுவோம்" என்று எழுதுங்கள். எழுதினபடி நீக்கவும் செய்யுங்கள். அமைப்புகளில் பதில்களின் சுருக்கத்தை எல்லாருக்கும் காட்டு என்று ஒரு வசதி இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வரத் தொடங்கியதும் ரெஸ்பான்ஸஸ் பகுதியில் வண்ண வண்ணமாகப் படங்கள் வரும். அதைப் பார்த்துச் சமையல்காரருக்கு எண் சொல்லிவிடாதீர்கள். எத்தனை பேர் "நான்கு" என்று பதில் சொன்னார்கள் என்பதைத்தான் அந்தப் படம் காட்டும். மொத்தம் எத்தனை இலை என்பதைக் காட்டாது. பக்கத்தில் இருக்கும் கூகுள் ஷீட்ஸ் குறியைத் தொட்டால் எல்லாப் பதிலும் வரிசையாக ஓர் அட்டவணையில் விழும். கணக்குப்பிள்ளை நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுகிற மாதிரி, அங்கே உட்கார்ந்து ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்த்து, எண்களின் பத்தியைக் கூட்டுங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்றவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள். நூறு போன் போட வேண்டிய இடத்தில் பத்தோ பன்னிரண்டோ போட்டால் முடிந்துவிடும். சாமான் வாங்கப் புறப்படுவதற்கு முதல் நாள் படிவத்தை மூடிவிடுங்கள், அக்செப்டிங் ரெஸ்பான்ஸஸ் என்பதை அணைத்தால் மூடிக்கொள்ளும். மூடின பிறகு வருகிறவர்களுக்குத் தெரிய ஒரு செய்தி எழுத இடம் உண்டு. அதில் ஏற்பாட்டைக் கவனிக்கிறவரின் எண்ணைப் போட்டு, "இனிமேல் இவரிடம் நேரில் சொல்லவும்" என்று எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் கிளம்பி வருகிறவர்கள் எந்தப் படைப்பிலும் உண்டு, அவர்களுக்கும் இலை போடத்தானே போகிறோம்.

நன்றி, வணக்கம்.