மீட்பரை முன்னிட்டு: அன்னை மரியாவின் அமல உற்பவம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாளை டிசம்பர் 8, அன்னை மரியாவின் அமல உற்பவப் பெருவிழா. அமல உற்பவம் என்றால் மாசில்லாமல் கருவாதல். வேலூரில் ஒரு பங்கில் பல ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிற எனக்கு, இந்த விழாவையொட்டி ஆண்டு தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "இயேசு தூய ஆவியால் மரியாவின் வயிற்றில் கருவானதைத்தானே இந்த விழா சொல்கிறது?" என்று பெரியவர்களே கேட்பார்கள். இல்லை, அதற்குரிய விழா மார்ச் 25ஆம் நாள் வருகிறது. நாளைய விழா, மரியா தம் தாயின் வயிற்றில் கருவான நேரத்தைப் பற்றியது. சுவக்கீன், அன்னம்மாள் என்று மரபு பெயர் சொல்லும் பெற்றோருக்கு, உலகத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போலவே அவரும் பிறந்தார். நாளையிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் நிறைகிற செப்டம்பர் 8 அவருடைய பிறந்தநாள். நம் ஊர்களிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு நன்கு தெரிந்த நாள்.

அப்படியானால் அவருடைய உற்பவத்தில் என்ன தனிச்சிறப்பு? ஜென்மப் பாவத்தின் கறை அவரைத் தொடவில்லை என்பதே திருச்சபையின் விசுவாசம். இங்கே ஜென்மப் பாவம் என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது குழந்தை செய்த குற்றம் அன்று. நான் பிறந்தது பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் ஒரு காலத்தில் பருப்பு மலர வெந்ததாக என் பாட்டி சொல்வார். தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கிய பிறகு, அதே கிணற்று நீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு விறைத்தே நின்றது. தேநீருக்குக் காய்ச்சிய பால் திரிந்தது. தோய்கல்லின் ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் எந்தத் தவறும் செய்தவர்கள் அல்லர். ஆனாலும் கெட்டுப்போன நீரில்தான் அவர்கள் வாழ்வு தொடங்கியது. ஆதிப் பெற்றோராகிய ஆதாமும் ஏவாளும் இழந்த அருள்நிலை இல்லாமலேயே நாம் பிறக்கிறோம் என்று திருச்சபை சொல்வதை எனக்கு விளங்க வைத்தது அந்தக் கிணறுதான்.

மரியா மட்டும் எப்படி விதிவிலக்கானார் என்று கேட்டவர்கள் திருச்சபைக்கு வெளியே மட்டும் இருந்தவர்கள் அல்லர். 12ஆம் நூற்றாண்டில், லியோன் நகரில் இந்த விழாவைக் கொண்டாடத் தொடங்கியபோது அதைக் கண்டித்து எழுதியவர், மரியன்னை மீது அளவற்ற அன்பு கொண்டிருந்த புனித பெர்நார்து. அடுத்த நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸும் தயங்கினார். மரியாவுக்குப் பாவக் கறையே இருந்ததில்லை என்றால் அவருக்கு மீட்பர் தேவையில்லை என்று ஆகிவிடுமே, கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் அல்லவா என்பது அவருடைய கவலை. என் பார்வையில் இது மிக நேர்மையான தயக்கம். அதற்கு விடை தந்தவர் 1308ஆம் ஆண்டு இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். விழுந்தவரைத் தூக்குவது மட்டுமன்று, விழாமல் காப்பதும் மீட்பே, சொல்லப்போனால் அதுவே நிறைவான மீட்பு என்றார் அவர்.

இந்த விசுவாசத்தைத் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1854 டிசம்பர் 8 அன்று மறையுண்மையாக அறிவித்தார். அந்த அறிவிப்பில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. மனிதகுலத்தின் மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே மரியா காக்கப்பட்டார் என்கிறது அது. நம் தமிழில் 'முன்னிட்டு' என்ற சொல் இங்கே எவ்வளவு பொருத்தமாக வந்து அமர்கிறது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். கல்வாரியில் பின்னர் நடக்கவிருந்த இயேசுவின் சிலுவைச் சாவைக் கடவுள் தம் முன் இட்டு, அதன் பலனை அந்தத் தாய்க்கு முன்கூட்டியே அளித்தார். எனவே மரியாவின் தூய்மை அவரே சம்பாதித்தது அன்று. அது முழுக்க முழுக்க அவர் பெற்றுக்கொண்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1858 மார்ச் 25 அன்று லூர்து நகரின் மசபியேல் குகையில், 14 வயதுச் சிறுமி பெர்னதெத்திடம், "நாமே அமல உற்பவம்" என்று அன்னை கூறினார். அதை பிரெஞ்சில் சொல்லாமல், அந்தச் சிறுமி வீட்டில் பேசிய வட்டாரப் பேச்சிலேயே சொன்னார். பொருள் விளங்காத அந்தச் சொற்கள் மறந்துவிடாதபடி, பங்குத்தந்தையின் வீடு வரைக்கும் அவற்றைச் சொல்லிக்கொண்டே போனாள் அவள். சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் நம் வட ஆற்காட்டு மக்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தச் சிறுமியின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

என் அடுத்த வீட்டில் இருக்கும் அக்கா தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்; பணி ஓய்வு பெற்ற செவிலியர். சென்ற ஆண்டு இதே நாளில், "எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களாகி என்று வேதம் சொல்லும்போது, நீங்கள் மரியாவுக்கு மட்டும் விலக்குச் சொல்வது எப்படி, தம்பி?" என்று கேட்டார். நான் ஸ்கோட்டஸின் விடையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் ஊர் ஊராகப் போலியோ சொட்டு மருந்து கொடுத்த நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கால் சூம்பிப்போய், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்த பிள்ளைகள் இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் கைகூப்புகிறார்களாம். "சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு என்னைத் தெரியவே தெரியாது, தம்பி. வியாதி வந்திருந்தால்தானே தெரியும்?" என்றார்.

மரியாவுக்குத் தெரிந்திருந்தது என்றேன். எலிசபெத்தின் வீட்டில் அவர் பாடிய பாட்டை லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் பார்க்கச் சொன்னேன். அக்கா உள்ளே போய், தம் பழைய வேதாகமத்தை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டு வாசித்தார்: "என் ஆவி என் இரட்சகராகிய தேவனில் களிகூருகிறது." இரட்சகர் என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. அமல உற்பவத்தை அவர் இன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரியை இன்னொரு முறை, முன்னைவிட மெதுவாக, வாசித்தார்.

நன்றி, வணக்கம்.