காப்பீடு இல்லாத கார்: அபராதம் 2,000 ரூபாய், இழப்பீடு 38 லட்சம் ரூபாய். கட்டப் போவது யார்?

வணக்கம். காப்பீடு காலாவதியான காரைச் சாலையில் ஓட்டிச் சென்று பிடிபட்டால், முதல் முறைக்கான அபராதம் 2,000 ரூபாய். அதே கார் அதே நாளில் ஒருவர் மீது மோதி அவர் உயிரிழந்துவிட்டால், காரின் உரிமையாளர் கட்ட வேண்டிய தொகை 38 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடக்கூடும். அந்த 38 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தக் காணொளியில் படிப்படியாகக் கணக்குப் போட்டே காட்டப் போகிறேன். "பிடித்தால் இரண்டாயிரத்தைக் கட்டிவிட்டுப் போகலாம்" என்று காப்பீட்டைத் தள்ளிப்போடுகிற பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது இன்று இரவுக்குள் பாலிசியைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகப் பேசுகிறேன்.

சட்டத்தை விரைவாகப் பார்த்துவிடுவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆவது பிரிவில், பொது இடத்தில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு இது; நாம் பேச்சில் 'தேர்ட் பார்ட்டி' என்று சொல்வது இதைத்தான். அது இல்லாமல் ஓட்டினால் 196ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது வெறும் 1,000 ரூபாயாக இருந்தது. ஓட்டியவருக்கு மட்டுமல்லாமல், ஓட்டுவதற்கு அனுமதித்தவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதை, மைத்துனருக்கும் நண்பருக்கும் வண்டிச் சாவியைக் கொடுக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

[திரையில்: ஒரு சம்மனின் மாதிரி]

இனி விபத்துக்கு வருவோம். உயிரிழந்தவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடும். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். அந்த வழக்கின் சம்மனில், முதலாம் எதிர்மனுதாரர் வாகன உரிமையாளர், இரண்டாம் எதிர்மனுதாரர் காப்பீட்டு நிறுவனம் என்று இருப்பது வழக்கம். வழக்கறிஞரை வைத்து வாதாடுவதும், தீர்ப்பு வந்தபின் பணத்தைச் செலுத்துவதும் பெரும்பாலும் அந்த இரண்டாம் எதிர்மனுதாரரின் வேலை. காப்பீடு இல்லாத வழக்கில் அந்த இரண்டாவது வரியே இருக்காது. அந்த ஒரு வரி இல்லாமல் போவதுதான் இந்தக் காணொளியின் முழு விஷயமும்.

[திரையில்: வெள்ளைப் பலகை, கணக்கு]

இப்போது கணக்கு. கையில் தாளும் பேனாவும் இருந்தால் நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 30 வயது எலெக்ட்ரீசியன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார்; மாத வருமானம் 20,000 ரூபாய்; வீட்டில் மனைவி, ஒரு குழந்தை, அம்மா என மூன்று பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய். அவர் உயிரோடு இருந்திருந்தால் வருமானம் உயர்ந்திருக்கும் அல்லவா? அதற்காக, சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவர் என்றால் 40 விழுக்காடு கூட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கில் வரையறுத்தது. கூட்டினால் 3,36,000 ரூபாய். தமக்கென்று அவர் செலவழித்திருக்கக்கூடிய பங்காக மூன்றில் ஒரு பகுதியைக் கழித்தால் 2,24,000 ரூபாய். குடும்பம் ஆண்டுதோறும் இழந்தது இந்தத் தொகையைத்தான்.

இதை எத்தனை ஆண்டுகளுக்குப் பெருக்குவது? வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண்களை 2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியலாகவே கொடுத்துவிட்டது. 26 முதல் 30 வயது வரை 17. பெருக்கினால் வருவது 38,08,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனியாகச் சேரும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, தீர்ப்பாயம் 7.5 விழுக்காடு என்று வைத்து, வழக்கு மூன்று ஆண்டு நடந்தால், வட்டி மட்டும் 8,56,800 ரூபாய். விபத்துக்கு இறந்தவரும் ஓரளவு காரணம் என்று நிரூபணமானால் தொகை குறையும். அவர் கூடுதலாகச் சம்பாதித்தவர் என்றால் கூடும். நாம் எடுத்துக்கொண்டது பெரிய சம்பளக்காரரை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகைக்கு எதிரே பிரீமியத்தை வைத்துப் பாருங்கள். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரை உள்ள தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம், வரி நீங்கலாக, 3,416 ரூபாய். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்கிவிடும். 38,08,000 ரூபாயை 3,416ஆல் வகுத்தபோது வந்த விடையை நான் நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தேன்: 1,114 ஆண்டுகள். இன்றிலிருந்து 1,114 ஆண்டுகள் பின்னோக்கிப் போனால், தஞ்சையில் முதலாம் பராந்தக சோழன் ஆட்சி செய்துகொண்டிருக்கிறான். இராஜராஜன் இன்னும் பிறக்கவில்லை. பெரிய கோயிலுக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டிக்கொண்டே வந்தாலும், நாம் போட்ட கணக்கின் ஓர் இழப்பீட்டுத் தொகையை அது எட்டாது. மோதிய கார் காப்பீட்டுடன் இருந்தால், மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் முழுத் தொகையையும் அந்த ஒரே ஓர் ஆண்டின் 3,416 ரூபாய் தாங்கிக்கொள்கிறது. நான் அறிந்த எந்த ஏற்பாட்டிலும் இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு கைமாறுவதில்லை.

"என்னிடம் பணமே இல்லை, தீர்ப்பு வந்தால் என்ன செய்துவிட முடியும்" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் போவது கார். விபத்தில் சிக்கிய வாகனத்துக்குக் காப்பீடு இல்லையென்றால், இழப்பீட்டுக்குப் போதுமான பிணையை உரிமையாளர் கொடுக்காதவரை நீதிமன்றம் அதை விடுவிக்கக் கூடாது என்றும், காவல்துறை கைப்பற்றி மூன்று மாதம் கடந்ததும் அதைப் பொது ஏலத்தில் விற்றுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்றும், 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் சொல்கின்றன. காவல் நிலையத்தின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முன்கண்ணாடியில் குற்ற எண்ணை வெள்ளைப் பெயின்டால் எழுதிய வாகனங்கள், காற்று இறங்கிய டயர்களோடு, பானெட்டுக்கு அடியிலிருந்து செடி முளைத்து நிற்கும்.

அடுத்தது மற்ற சொத்துகள். தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு, உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் அனைத்தும் தீர்ப்பாயத்துக்கும் உண்டு; அதாவது வீடு, மனை, வங்கிக் கணக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சம்பளம் ஆகியவை ஜப்திக்கு உள்ளாகலாம். அது தவிர, 174ஆவது பிரிவின்கீழ் தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பினால், தொகை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கப்படும். தமிழ்நாட்டில் அதற்கான வருவாய் வசூல் சட்டம் 1864ஆம் ஆண்டினது. உரிமையாளர் இடையில் இறந்துவிட்டாலும் பொறுப்பு மறைந்துவிடாது. அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு அது வாரிசுகளைத் தொடரும்.

இதைப் பற்றிப் பேசும்போது நாளிதழில் அடிக்கடி வரும் ஒரு செய்தியை நீங்கள் நினைத்திருப்பீர்கள்: பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, அரசுப் பேருந்தை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்து, முகப்பில் அறிவிப்பை ஒட்டும் படம். அது ஏன் நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு, இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருந்தால், கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படிக் காப்பீடு எடுக்காத பேருந்து மோதினால், இழப்பீட்டைப் போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். அது தாமதமாகும்போது குடும்பத்தினர் நிறைவேற்று மனு போடுகிறார்கள், பேருந்து நீதிமன்ற வளாகத்தில் போய் நிற்கிறது. காப்பீடு இல்லாத வாகனம் என்றால் சட்டம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான காட்சி வேறில்லை. எனக்கு அந்தப் படத்தில் ஜப்தியான பேருந்தைவிட, பணத்துக்காக அத்தனை ஆண்டுகள் அலைந்த குடும்பம்தான் மனத்தில் நிற்கிறது. காப்பீடில்லாத தனியாரின் கார் மோதிய குடும்பத்துக்கு, ஜப்தி செய்ய ஒரு பேருந்துகூடக் கிடைக்காமல் போகலாம். தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது.

உயிரிழப்புக்கான குற்ற வழக்கு இவற்றிலிருந்து தனி: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

காரை விற்றுவிட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் உங்கள் பெயரே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓட்டி விபத்து ஏற்படுத்தினால், இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளருடையது என்று 2018ஆம் ஆண்டு நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கார் அதற்குள் மூன்று பேர் கைமாறியிருந்தாலும் நிலைமை மாறாது. விற்றவர்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிந்துவிட்டதா என்று பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

விபத்து நடந்த பின் அன்றே அவசரமாகப் பாலிசி எடுப்பதும் பயன் தராது. பாலிசித் தாளில் காப்பீட்டுக் காலத்துக்கு நேரே தேதியோடு மணியும் நிமிடமும் அச்சிடப்பட்டிருக்கும். காலை 9 மணிக்கு விபத்து, பாலிசியில் தொடக்கம் 11 மணி 20 நிமிடம் என்றால், அந்த விபத்துக்குக் காப்பீடு இல்லை. அதே நேரத்தில், பிறர் தவறால் அடிபட்டவர் தம் வண்டிக்குக் காப்பீடு இல்லை என்பதற்காகவே இழப்பீடு கேட்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை.

கடைசியாக, நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை கோரி 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவின் விளைவாகத்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்கும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு சிக்கலும் உண்டு. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்படுவதால், ஒரே பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்று ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். காணொளியை இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் பாலிசியை எடுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு நேரே உள்ள தேதி எது என்று பாருங்கள். தாளில் எந்தத் தேதி எதற்கு உரியது என்று புரியவில்லையென்றால், பாலிசி எண்ணையும் பெயரையும் விட்டுவிட்டு, அந்த வரியில் உள்ளதை மட்டும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், நான் படித்துப் பதில் சொல்கிறேன்.