பள்ளித் தட்டுக்குப் பக்கத்து வயல் எப்படி வந்து சேரும்?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குக் கையில் இரண்டு ஆப்பிள் வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். வலது கையில் இருப்பது கடையில் முன்வரிசையில் பளபளவென்று அடுக்கி வைப்பார்களே, அந்த அளவு. இடது கையில் இருப்பது அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோலில் ஒரு பழுப்புக் கோடு தெரிகிறதா? கிளையில் உரசிய தழும்பு. ருசியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தச் சின்னதைப் பெரிய கடைகள் எடுக்காது. விவசாயி ஜூஸ் கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார், இல்லையென்றால் மரத்தடியிலேயே விட்டுவிடுவார்.

இப்போது இரண்டையும் ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பெரியது நாலு கடியோடு குப்பைத் தொட்டிக்குப் போகும். சின்னது கைக்கும் அடங்கும், வயிற்றுக்கும் அடங்கும். அமெரிக்காவில் பண்ணையிலிருந்து நேரே பள்ளிக்கு வாங்குகிற ஏற்பாடுகளில் இந்தச் சின்ன ஆப்பிளுக்கு நல்ல இடம் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். விவசாயிக்கு விற்காத சரக்கு விற்றது, பள்ளிக்குக் கட்டுப்படியாகிற விலையில் புதுப் பழம் கிடைத்தது. தர்ம காரியம் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் கணக்குச் சரியாக வந்தது.

இதிலிருந்து ஏன் ஆரம்பித்தேன் என்றால், பள்ளியையும் பக்கத்துப் பண்ணையையும் இணைப்பது என்றதும் நம் மனதில் வருவது வேறு காட்சி. ஒரு பஸ். பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள், டிராக்டரில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு நாற்று நடுவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். மறுநாள் மதியம் தட்டில் என்ன இருக்கும்? அதே உறைய வைத்த பாக்கெட் காய். வயலில் பார்த்ததற்கும் வாயில் போவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. என்னைக் கேட்டால், வாங்குதல் இல்லாத பண்ணைச் சுற்றுலா வெறும் பிக்னிக். பிக்னிக் தப்பில்லை, ஆனால் அதற்கு உணவுக் கல்வி என்று பெயர் வைக்கக் கூடாது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்வார்கள். பக்கத்தில் விளைந்ததைச் சமையலறைக்கு வாங்குவது, உணவைப் பற்றி வகுப்பில் கற்பது, பள்ளியிலேயே தோட்டம் போடுவது. மூன்றில் தோட்டம்தான் படத்துக்கு அழகாக இருக்கும், அதனால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். 1995-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய பள்ளித் தோட்டத்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். உணவகம் நடத்துகிறவர் அவர். அங்கே தார் போட்டுக் கிடந்த இடத்தைத் தோட்டமாக மாற்றினார்கள் என்ற பாதிக் கதைதான் பரவியது. தோட்டத்தோடு ஒரு சமையலறை வகுப்பும் இருந்தது, பறித்ததைப் பிள்ளைகளே சமைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் நட்டால், லீவு விட்டதும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்து போகும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற நாடு பிரேசில். 2009-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது, எண் 11.947. பள்ளி உணவுக்காக மத்திய அரசு அனுப்பும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்வதற்கே செலவழிக்க வேண்டும் என்றது. பிறகு 2026 முதல் அந்தப் பங்கை 45 சதவீதமாக உயர்த்தினார்கள். சுமார் 4 கோடி மாணவர்கள் சாப்பிடுகிற திட்டம், அதனால் அந்த 30 சதவீதமே சின்னத் தொகை இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது சதவீதம் இல்லை, வாங்குகிற முறை. வழக்கமான டெண்டர் என்றால் யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவருக்குத்தான் ஆர்டர். அந்தப் போட்டியில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கிடங்கும் லாரியும் வைத்திருக்கும் மொத்த வியாபாரியை ஜெயிக்கவே முடியாது. பிரேசிலில் இந்தக் கொள்முதலுக்கு டெண்டரிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். சந்தை விலையை விசாரித்து, இந்தக் காய்க்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களே முதலில் அறிவித்துவிடுவார்கள். விலை முன்பே முடிவாகிவிட்டதால் அதில் அடித்துக்கொள்ள இடமில்லை. முன்னுரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. அதே நகராட்சிப் பகுதியில் இருப்பவருக்கு முதலிடம், அங்கே கிடைக்காவிட்டால் சுற்று வட்டாரம், அதற்கப்புறம்தான் மாநிலம். அந்தப் பகுதியில் என்ன விளையும் என்று பார்த்துத்தான் மெனு எழுத வேண்டும், அதற்கு ஊட்டச்சத்து நிபுணர் பொறுப்பு.

மெனுவை எழுதி முடித்துவிட்டு அப்புறம் விவசாயியைத் தேடினால் எப்போதும் முட்டிக்கொள்ளும். வயலைப் பார்த்து மெனு எழுதினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பணம் எப்போது கிடைக்கும் என்பது இன்னொரு விஷயம். நிறுவனங்கள் பில்லைப் பாஸ் செய்து பணம் கொடுக்க மாதம் ஒன்று, இரண்டு ஆகும். பெரிய வியாபாரி தாங்குவார். அடுத்த விதைப்புக்கு இந்தப் பணத்தையே நம்பி இருக்கும் விவசாயி தாங்க மாட்டார். எத்தனை ஆர்வமாக ஆரம்பித்தாலும் இரண்டாவது பில் தாமதமானதும் அவர் பழைய மண்டிக்கே போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. விவசாயிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கமாக வந்தால் இதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஒருவரிடம் கேரட் தீர்ந்தால் இன்னொருவர் கொடுப்பார், ஒரே வண்டியில் எல்லாச் சரக்கும் வரும், ஒரே பில்.

அடுத்து சமையலறை. இதைப் பேசாத வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கம்பெனி அனுப்பும் கேரட் கழுவி, சீவி, வெட்டி, பையில் அடைத்து வரும். பையைப் பிரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. பண்ணைக் கேரட் எப்படி வரும்? மண்ணோடு வரும். தழையோடு வரும். ஒன்று விரல் அளவு, ஒன்று கை அளவு, ஒன்று இரண்டு கால் முளைத்து நிற்கும். அதை ஊற வைத்துக் கழுவ ஆழமான தொட்டி வேண்டும், சீவ ஆள் வேண்டும், வெட்ட மெஷினோ நல்ல கத்தியோ வேண்டும். பல பள்ளிச் சமையலறைகளில் இதெல்லாம் கிடையாது, வெளியிலிருந்து வந்ததைச் சூடு பண்ணுகிற அடுப்பு மட்டும்தான். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நேரத்தையும் கூட்டாமல், ஆளையும் கூட்டாமல், நாளையிலிருந்து இயற்கைக் காய் வருகிறது என்று மூட்டையை இறக்கினால் அவர்கள் முகம் எப்படி இருக்கும்?

அதனால் ஒன்று சொல்வேன். பண்ணைக்கு முதல் பஸ்ஸில் ஏற்ற வேண்டியவர்கள் சமையல்காரர்கள். பிள்ளைகள் அடுத்த பஸ்ஸில் வரட்டும். எந்த அளவில் வெட்டினால் வேலை குறையும், எந்த ரகம் சீக்கிரம் வேகும், கூடை எத்தனை கிலோ இருந்தால் தூக்க முடியும் என்று விவசாயியிடம் நேருக்கு நேர் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். முதலாளியும் தலைமை ஆசிரியரும் கைகுலுக்கினால் பேப்பரில் படம் வரும், சாப்பாடு மாறாது.

பருவம் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் நாடுகளில் வயலில் எல்லாம் விளைந்து தள்ளுகிற கோடைக் காலத்தில்தான் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. அதனால் பறித்து மாதக்கணக்கில் வைக்கக்கூடிய பூசணி, உருளை, முட்டைக்கோஸ், கேரட் பக்கம் சாய்கிறார்கள். தக்காளியைச் சீசனிலேயே வேக வைத்து உறைய வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பள்ளி நாட்காட்டியையும் விதைப்பு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி பாடம். ஊட்டச்சத்துச் சார்ட்டைச் சுவரில் மாட்டி, வைட்டமின் ஏ எதில் இருக்கிறது என்று பரீட்சையில் கேட்டால் பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டு அதே காயைத் தட்டில் ஒதுக்குவார்கள். தெரியாத உணவைக் கண்டால் பின்வாங்குவது குழந்தைகளின் இயல்பு, இரண்டு முதல் ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்வதற்கு எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் மூன்றாவது முறையிலேயே நாம் கை கழுவிவிடுவோம். பள்ளியில் திரும்பத் திரும்ப ருசி பார்க்க வைக்க முடியும், ஏனென்றால் பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கிற வாய்ப்பு அங்கே இருக்கிறது.

செய்கிற விதமும் எளிது. மாதம் ஒரு காய். ஒரு மேசை, அதில் சின்னச் சின்னத் துண்டுகள், பச்சையாக ஒன்று, வேக வைத்தது ஒன்று. பிடிக்கவில்லை என்றால் காகிதத்தில் துப்பலாம், யாரும் திட்டக் கூடாது. சாப்பிட்டு முடித்தவர்கள் மூன்று டப்பாக்களில் ஏதாவது ஒன்றில் ஒரு பாசிமணி போட வேண்டும்: ருசி பார்த்தேன், பிடித்தது, ரொம்பப் பிடித்தது. பிடிக்கவில்லை என்ற டப்பா கிடையாது, கவனித்தீர்களா? அப்புறம், காய் சாப்பிட்டால் சாக்லேட் தருகிறேன் என்ற பேரத்தை மட்டும் செய்யாதீர்கள். சாக்லேட்தான் பரிசு, காய் தண்டனை என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஜப்பானில் மதிய உணவு நேரத்தையே பாடமாக வைத்திருக்கிறார்கள். பள்ளி மதிய உணவுச் சட்டம் 1954-லேயே வந்தது. 2005-ல் உணவுக் கல்விக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள், ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியும் அதே ஆண்டு வந்தது. பல பள்ளிகளில் பிள்ளைகள் முறை வைத்து வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வகுப்பிலேயே பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். ஆசிரியர் அதையே சாப்பிடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தனி அறையில் தனிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து கீரையின் நன்மைகளைச் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

நேரமும் முக்கியம். உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம்கூடக் கிடைக்காத பள்ளிகளில் முதலில் வீணாவது காயும் பழமும்தான். விளையாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் பசியோடு வருவார்கள். இதற்குப் பைசா செலவில்லை.

தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். முதலில் முள்ளங்கி போடுங்கள். மூன்று, நான்கு நாளில் முளைக்கும், சின்ன ரகங்கள் நாலு வாரத்தில் பறிக்கத் தயாராகிவிடும், பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் சரியான பயிர். ஆனால் மண்ணை முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பழைய கட்டடத்தின் ஓரமும் பெரிய சாலையின் ஓரமும் ஈயம் கலந்திருக்கக்கூடிய இடங்கள், பழைய பெயின்ட்டும் பழைய பெட்ரோலும் விட்டுப்போன மிச்சம். சந்தேகம் இருந்தால் நல்ல மண் கொண்டு வந்து உயரப் பாத்தி கட்டுங்கள். மட்காத சாணத்தைப் போட்டால் உடனே பறித்துத் தின்னக் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்கு 120 நாள், மற்றதற்கு 90 நாள் இடைவெளி வேண்டும். முள்ளங்கிக்கு அது சரிப்பட்டு வராது, நன்றாக மட்கிய உரம்தான் போட வேண்டும்.

கடைசியாக, பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு. எங்கள் பள்ளியிலும் பண்ணை உணவு வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள், பார்க்கலாம் என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இப்போது காய்கறி போடுகிறவரின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். கேரட் விதைத்துப் பறிக்க எழுபது, எண்பது நாள் ஆகும். விவசாயி நிலத்தை ஒதுக்க, விலை பேச, விதை வாங்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஆக, அந்த ஒப்பந்தம் முடிவதற்கு நாலு மாதம் முன்னால் ஒரே ஒரு காய்க்காவது, எவ்வளவு கிலோ, எந்தக் கிழமை, என்ன விலை, பணம் எத்தனை நாளில் என்று எழுத்தில் பேசி முடித்திருக்க வேண்டும். அப்படிப் பேசும்போது சமையல்காரரையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள்.