தண்டவாளத்துக்கு ஏற்ற பாட்டு

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஒரு கேளிக்கைப் பூங்கா தன்னுடைய புதிய ரோலர் கோஸ்டருக்கு ஒரு ராக் இசைக்குழுவின் பெயரையும் பாட்டையும் சூட்ட நினைத்தால், எந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மேடைக் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். ரோலர் கோஸ்டரில் ஏறுவது எனக்கு இளமையிலிருந்தே தீராத ஆசை. ஆகவே இந்தக் கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில், இருக்கையிலேயே ஒலிபெருக்கி பொருத்திய ஒரு கோஸ்டரில் ஏறினேன். பாட்டு எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. வண்டியும் அருமையான வண்டி. ஆனால் வண்டி உச்சியிலிருந்து விழுந்த கணத்தில் பாடகர் மெதுவான சரணத்தின் நடுவில் இருந்தார். டிரம்ஸ் இடியென எழுந்த கணத்தில் நாங்கள் பிரேக்கில் நின்றுகொண்டிருந்தோம். எழுந்து வெளியே வந்தபோது பாட்டையும் கெடுத்து வண்டியையும் கெடுத்துவிட்டார்களே என்ற வருத்தந்தான் மிஞ்சியது. புகழ்பெற்ற குழு ஒன்றின் பெயரை வாயிலில் எழுதிவிட்டால் போதாது என்று எனக்கு முதன்முதலில் தெளிவானது அந்த ஒன்றரை நிமிடத்தில்தான்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஏரோஸ்மித். ஃபுளோரிடாவில், அப்போது டிஸ்னி எம்ஜிஎம் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்பட்ட பூங்காவில், 1999 ஜூலை 29 அன்று அந்தக் குழுவின் பெயரோடு ராக் அண்ட் ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. அதன் அன்றைய கதை எளிமையானது. குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து தங்கள் கச்சேரிக்குத் தாமதமாகப் புறப்படுகிறார்கள். நம்மையும் உடன் அழைக்கிறார்கள். நாம் ஒரு நீளமான லிமோசின் காரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து இரவுச் சாலைகளில் பறக்கிறோம். நாம் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறோம் என்ற கேள்விக்கு இந்தக் கதை ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறது. பெயரை மட்டும் கடன் வாங்கிய கோஸ்டர்களில் இந்த விடை இருப்பதில்லை. அங்கே வண்டி வெறுமனே ஓடுகிறது, பாட்டு வெறுமனே ஒலிக்கிறது.

அந்தக் கோஸ்டரில் சங்கிலி இழுக்கும் ஏற்றம் கிடையாது. தண்டவாளத்தை ஒட்டிப் பொருத்திய மின்காந்த மோட்டார்கள் நின்ற நிலையிலிருந்து 2.8 விநாடிகளில் வண்டியை மணிக்கு ஏறக்குறைய 92 கிலோமீட்டர் வேகத்துக்கு உந்திவிடுகின்றன. மேலிருந்து விழும் ஒரு கல் எந்த விகிதத்தில் வேகம் பெறுமோ, அதற்குச் சற்றே குறைந்த விகிதத்தில் நாம் கிடைமட்டமாக வேகம் பெறுகிறோம். இதை இசையின் கணக்கில் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடிகள் விழும் ஒரு பாட்டில் ஓர் அடிக்கு அரை விநாடி ஆகிறது. அப்படியானால் ஏவும் நேரம் முழுவதற்கும் ஆறு அடிகள்கூடத் தேறாது. நான்கடித் தாளத்தில் ஒன்றரை ஆவர்த்தனத்துக்கும் குறைவு. அதற்குள் பாட்டின் எடுப்பு நம் நெஞ்சில் மோதிவிட வேண்டும். படிப்படியாகச் சூடேறும் பாட்டுகளுக்கு, அவை எத்தனை உயர்ந்தவையானாலும், இங்கே இடமில்லை. சங்கிலி ஏற்றம் உள்ள கோஸ்டரிலோ நிலைமை நேர்மாறு. அங்கே மெல்ல மெல்ல ஏறும் நெடிய முன்னுரை வேண்டும். எனவே, குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் வண்டி ஏவப்படுகிறதா, ஏற்றப்படுகிறதா என்று கேட்பதே முறை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இசைத்தட்டு ஒவ்வொரு முறையும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும். வண்டி அப்படி ஓடாது. காலையில் சக்கரங்களும் மசகும் குளிர்ந்திருக்கும்போது அது மெதுவாகப் போகும். வெயிலேறிய பிற்பகலில் விரையும். இருக்கைகள் நிறைந்த வண்டி காலி வண்டியைவிட வேகமாக வளைவுகளைக் கடக்கும். திறந்தவெளிக் கோஸ்டர்களில் இந்த வேறுபாடு காதுக்குத் தெரியுமளவுக்கு இருக்கும். அதனால் தண்டவாளத்தில் ஆங்காங்கே உணரிகளை வைத்து, வண்டி அந்த இடத்தைத் தொடும்போதுதான் பாட்டின் அடுத்த பகுதி தொடங்குமாறு அமைக்கலாம். அப்படி அமைக்க வேண்டுமானால், ஒட்டுத் தெரியாமல் வெட்டி இணைக்கக்கூடிய பாட்டாக அது இருக்க வேண்டும். ஒரே கிட்டார்ச் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போகும் பாட்டு இதற்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு வரியிலும் ராகமும் தாளமும் மாறிச் செல்லும் பாட்டு இடம் கொடுக்காது. க்வீன் குழுவை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற ஆக்கமான போஹீமியன் ராப்சடி இந்த ஒரு காரணத்தாலேயே கோஸ்டருக்கு உதவாது.

பாட்டின் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏரோஸ்மித் கோஸ்டரின் ஒவ்வொரு வண்டியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவ்வளவு இருந்தும், காற்றின் இரைச்சலுக்கும் பக்கத்து இருக்கைக்காரரின் அலறலுக்கும் நடுவில் ஒரு முழு வரி காதில் விழுவது அரிது. விழுவது டிரம்ஸ், பேஸ், கிட்டாரின் முதன்மைச் சொற்றொடர் ஆகியவைதான். கவிதைக்காகக் கொண்டாடப்படும் குழுக்களைக் கோஸ்டரில் ஏற்றுவது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

இனி, என் மனத்தில் மிகவும் கனக்கும் செய்திக்கு வருகிறேன். இரும்புத் தண்டவாளம் கால் நூற்றாண்டைத் தாண்டி நிற்கும். ஒரு குழுவின் புகழும் உடல்நலமும் ஒப்பந்தமும் அதே அளவு நிற்பதில்லை. தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் 2008-ஆம் ஆண்டு ஹார்ட் ராக் பார்க் திறக்கப்பட்டபோது, அங்கே லெட் ஸெப்பலின் பெயரில் ஒரு பெரிய கோஸ்டர் அக்குழுவின் பாட்டோடு ஓடியது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் பூங்கா மூடப்பட்டு நொடித்துப்போனது. மறு ஆண்டு வேறு உரிமையாளர்களின் கையில், வேறு பெயரில் அது திறந்தபோது, அந்தக் கோஸ்டருக்கு டைம் மெஷின் என்று பெயர் மாறியிருந்தது. தண்டவாளத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. பாட்டும் பெயரும் போய்விட்டன. பாரிஸில் 2002-இல் திறந்த ஏரோஸ்மித் கோஸ்டர் 2019-இல் மூடப்பட்டு, 2022-இல் காமிக்ஸ் நாயகர்களின் கோஸ்டராக மீண்டும் ஓடத் தொடங்கியது.

ஃபுளோரிடாவில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. குரல்நாணில் ஏற்பட்ட காயத்திலிருந்து பாடகர் ஸ்டீவன் டைலர் முழுமையாக மீள முடியாததால், ஏரோஸ்மித் 2024 ஆகஸ்டில் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்தக் கோஸ்டர் மப்பெட் பொம்மைகளின் இசைக்குழுவான எலக்ட்ரிக் மேஹெமுக்கு மாற்றப்படும் என்று டிஸ்னி அறிவித்தது. ஏரோஸ்மித் ரசிகர்கள் வருந்தினார்கள், நானும் வருந்தினேன். ஆனால் அந்த முடிவுக்குள் ஒரு பாடம் இருப்பதை மறுக்க முடியவில்லை. பொம்மைகளுக்கு வயதாவதில்லை, குரல்நாண் கிழிவதுமில்லை. ஆட்கள் மாறினாலும் தான் மாறாத முகம் ஒன்று எந்தக் குழுவிடம் இருக்கிறதோ, அந்தக் குழுவே கோஸ்டருக்கு உரியது என்ற முடிவுக்கு நான் வந்தது அப்போதுதான்.

இந்த உரைகல்லில் வைத்துப் பார்த்தால் பலர் விலகிவிடுகிறார்கள். ஏசி டிசியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அவர்களுடைய 1980-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று கோயில் மணி போன்ற கனத்த மணியோசையோடு தொடங்குகிறது. சங்கிலி ஏற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒலியை நான் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு வந்த இன்னொன்றில் பீரங்கிகள் முழங்குகின்றன. ஆனாலும் அக்குழுவின் முகம், பள்ளிச் சீருடையில் கிட்டார் வாசிக்கும் ஆங்கஸ் யங் என்ற ஒரு மனிதர். கிஸ் குழுவிடம் சாயம் பூசிய நான்கு முகங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் நியூயார்க்கில் இறுதிக் கச்சேரியை முடித்தவுடன், இனித் தங்கள் இடத்தில் கணினி உருவங்கள் ஆடும் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். முகம் என்ற வகையில் அவர்கள் தேறிவிடுகிறார்கள். தாளம் என்ற வகையில் எனக்கு நிறைவில்லை. பிங்க் ஃபிளாய்டின் இசை இருட்டில் மெல்ல மிதக்கும் ஒரு பயணத்துக்கு உரியது. அதைத் தலைகீழாகச் சுழற்றக் கூடாது.

பயணியே தனக்கு வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வாரும் உண்டு. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃபுளோரிடாவில் 2009 முதல் 2025 வரை ஓடிய ஹாலிவுட் ரிப் ரைடு ராக்கிட் என்ற கோஸ்டர் 30 பாட்டுகளைப் பட்டியலிட்டு அப்படித்தான் செய்தது. விருப்பப்பட்டதைக் கேட்கும் இன்பம் அதில் இருந்தது உண்மையே. ஆயினும் ஒரே வண்டியில் அமர்ந்த பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பாட்டுகளைக் கேட்டால், ஒரே அடியில் ஒரே சமயத்தில் அனைவரும் கை தூக்கும் அந்தக் கச்சேரி அனுபவம் எப்படி வரும்?

என் தேர்வு அயர்ன் மெய்டன். 1975-இல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு இது. அவருடைய பேஸ் வாசிப்பின் அடையாளமே, குதிரைப் பாய்ச்சல் என்று இசைஞர்கள் அழைக்கும் நடை: ஒரு நெடில், இரண்டு குறில், மீண்டும் ஒரு நெடில், இரண்டு குறில், தாதக தாதக என்று முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும். தண்டவாளத்தில் அடுத்தடுத்து வரும் மேடுகளில் உடல் எழும்பி விழும் அசைவும் இதே நடைதான். எத்தனை முறை திரும்ப வாசித்தாலும் சலிக்காது. உணரிகள் கேட்கும் இடத்தில் நீட்டலாம், குறைக்கலாம்.

முகமோ எடி என்ற எலும்புருவம். ஓவியர் டெரெக் ரிக்ஸ் வரைந்து 1980-ஆம் ஆண்டின் முதல் ஆல்பம் உறையில் தோன்றிய அந்த உருவம், 1984-இல் எகிப்திய மன்னனாகவும், 1986-இல் எதிர்கால இயந்திர மனிதனாகவும், 2021-இல் ஜப்பானிய சாமுராயாகவும் வந்தது. பாடகர்கள் மாறியிருக்கிறார்கள், டிரம்மர்கள் மாறியிருக்கிறார்கள், எடி மாறவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை நிலையத்தின் ஒப்பனையை மாற்ற விரும்பும் பூங்காவுக்கு இதைவிட வசதியான துணை கிடைக்காது. எலும்புருவம் குழந்தைகளை அச்சுறுத்துமே என்று சிலர் கவலைப்படலாம். இத்தகைய கோஸ்டர்களில் பெரும்பாலும் 120 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களை ஏற்றுவதே இல்லை என்பதால் சின்னஞ்சிறு பிள்ளைகள் வண்டிக்குள் வரப்போவதில்லை. வெளிமுகப்பில் மட்டும் எடியை அடக்கமாகக் காட்டினால் போதும்.

பறத்தலும் இந்தக் குழுவுக்குப் புதிதல்ல. பாடகர் புரூஸ் டிக்கின்சன் பயணிகள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற விமானி. 2008-இல் குழுவையும் கருவிகளையும் ஏற்றிய போயிங் 757 விமானத்தை அவரே ஓட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போனார்; 2016-இல் போயிங் 747-ஐ ஓட்டினார். ஏரோஸ்மித்துக்காக ஒரு லிமோசின் கதையைப் புனைய வேண்டியிருந்தது. இவர்களுக்கு எதையும் புனைய வேண்டியதில்லை.

பாட்டு எது என்பதில் நான் நெடுநாள் தயங்கினேன். 1940-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் போர் விமானிகளைப் பற்றி இவர்கள் 1984-இல் பாடிய ஏசஸ் ஹை வேகத்தில் ஈடற்றது. 2018-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் அந்தப் பாட்டுக்கு மேடையின் மேலே ஒரு ஸ்பிட்ஃபயர் விமான வடிவமே மிதந்தது. ஆனால் அந்தப் போரில் உண்மையான இளைஞர்கள் இறந்தார்கள். அதைக் கச்சேரியில் பாடி நினைவுகூர்வது வேறு. தின்பண்டக் கடைகளுக்கு நடுவில் நாள்தோறும் நூறு முறை ஓட்டிக் காட்டுவது வேறு. ஆகவே நான் 1983-இல் வந்த ஃபிளைட் ஆஃப் இகாரஸ் பக்கம் சாய்கிறேன். மெழுகுச் சிறகுகளோடு சூரியனை நோக்கி ஏறி, சிறகு உருகி விழுந்த இளைஞனின் பழங்கதை அது. ஏறுவதும் விழுவதுமே அதன் கதை என்பதால் ஒரு சங்கிலி ஏற்றத்துக்கு அது தானாகவே பொருந்துகிறது. மிதமான காலத்தில் நடக்கும் அந்தப் பாட்டு ஏற்றம் முழுதும் ஒலிக்கட்டும். உச்சியில் ஒரு பொன்வட்டம் கண்ணைக் கூசச் செய்யட்டும். அங்கே பாட்டு அறுந்து ஓர் அடி மௌனம் விழட்டும்.

அதன் பிறகு கீழே விழும் வண்டிக்கு வேண்டியது அந்தக் குதிரைப் பாய்ச்சல். அது இகாரஸ் பாட்டில் போதிய அளவு இல்லை. இருப்பதை வெட்டி ஒட்டுவதைவிட, புதிதாக இசையமைக்கச் சொல்வதே சரி. பாரிஸ் டிஸ்னிலாந்தின் ஸ்பேஸ் மவுண்டன் கோஸ்டர் 1995-இல் திறந்தபோது, ஸ்டீவ் பிராம்சன் அந்தத் தண்டவாளத்துக்கென்றே எழுதிய இசை இருக்கைகளில் ஒலித்தது. ஏரோஸ்மித்தும் தங்கள் பாட்டு ஒன்றின் சொற்களைக் கோஸ்டருக்காக மாற்றிப் பாடிக்கொடுத்தார்கள். அயர்ன் மெய்டனிடமும் ஒரு நிமிட அளவில், சொற்களே இல்லாத ஒரு வாத்திய இசையைக் கேட்டுப் பெறலாம். புதிய ஒலிப்பதிவு என்றால் உரிமைச் சிக்கலும் குறையும். பழைய பாட்டில் இயற்றியவரின் உரிமை ஓரிடத்திலும் ஒலிப்பதிவின் உரிமை வேறிடத்திலும் இருக்கும். புதியதை எத்தனை ஆண்டுகளுக்கு வேண்டுமோ அத்தனை ஆண்டுகளுக்கும் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடலாம்.

பூங்காக்கள் வழக்கமாகத் தண்டவாளத்தை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகு பாட்டைத் தேடுகின்றன. இந்தக் குழுவின் விஷயத்தில் வரிசையை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ கச்சேரியோடு சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மற்ற மூத்த உறுப்பினர்களும் எழுபது வயதை ஒட்டி நிற்கிறார்கள். தண்டவாளத்தின் வரைபடத்தையும், எந்த விநாடியில் எந்த வளைவு வரும் என்ற அட்டவணையையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முதலில் எடுத்துச்சென்று, அந்தக் கைகள் வாசித்துத் தரும் ஒரு நிமிடத்தைப் பதிவு செய்துகொண்டு வந்த பிறகு, அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றட்டும். வணக்கம்.