கதவில்லாத காக்பிட்

வணக்கம் நேயர்களே. சரக்கு விமானத்தின் காக்பிட்டுக்கு, அதாவது விமானி அறைக்கு, வலுவான கதவு எதற்கு, பெட்டிகள்தானே போகின்றன, விமானியை யார் என்ன செய்துவிடப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் விமானிகளுக்குப் பின்னால் சில இருக்கைகள் உண்டு, ஜம்ப் சீட் என்பார்கள். வேறு ஊருக்குப் போகவேண்டிய சக ஊழியர் அதில் வருவார். குதிரைகளை ஏற்றினால், கூடவே அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் வருவார்.

1994 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸிலிருந்து கிளம்பிய ஃபெடெக்ஸ் சரக்கு நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் அப்படி ஏறியவர், அதே நிறுவனத்தின் ஃப்ளைட் எஞ்சினியர், அதாவது பறக்கும்போது இயந்திரங்களைக் கவனித்துக்கொள்பவர். ஒழுங்கு நடவடிக்கை விசாரணை காத்திருந்தது, வேலை போகும் நிலை. கையில் ஒரு கித்தார் பெட்டி. உள்ளே சுத்தியல்களும், மீன் வேட்டைக்கான ஈட்டித் துப்பாக்கியும். ஏன் சுத்தியல்? விமானம் விழுந்தபின் காயங்களெல்லாம் விபத்தில் பட்டவை போலத் தெரிய வேண்டும், குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் வர வேண்டும். அதுதான் கணக்கு.

காக்பிட்டில் இருந்த மூவருக்கும் மண்டையில் பலத்த அடி. அந்த நிலையிலும் துணை விமானி விமானத்தைப் புரட்டியும் சாய்த்தும் தாக்கியவரைத் தடுமாற வைத்தார், மற்ற இருவரும் அவரோடு மல்லுக்கட்டினார்கள். விமானம் மெம்ஃபிஸிலேயே பத்திரமாக இறங்கியது. தாக்கியவருக்கு ஆயுள் தண்டனை. அடிபட்ட மூவரும் பழைய வேலைக்குத் திரும்பவே முடியவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவில் பயணிகள் விமானங்களுக்கு வலுவூட்டிய காக்பிட் கதவு கட்டாயமானது. 2003 ஏப்ரல் கெடு. சரக்கு நிறுவனங்களுக்கோ, கதவுக்குப் பதிலாக வேறு பாதுகாப்பு நடைமுறைகளைக் காட்டினால் போதும் என்று வழிவிட்டார்கள். அதே 2003 கடைசியில், பயிற்சி பெற்ற சரக்கு விமானிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது. துப்பாக்கிக்குச் சரி, கதவு மட்டும் வேண்டாமா? எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது.

கதவு எல்லாவற்றையும் தீர்க்காது என்பது உண்மை. 2015இல் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தில், துணை விமானி கேப்டனை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு வேண்டுமென்றே விமானத்தை மோதியதில் 150 பேர் இறந்தார்கள். அதனால் ஜம்ப் சீட்டில் ஏறுபவர், சக ஊழியரே ஆனாலும், அவரையும் அவர் பையையும் சோதிப்பது தனியாக நடக்க வேண்டும். பழைய விமானத்தில் கதவு பொருத்தச் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் சரக்கு விமானத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. அமெரிக்க விமானிகள் சங்கம் பல வருடங்களாகக் கேட்பதும் இந்தக் கதவைத்தான்.