ஐந்நூறு அடிக்குக் கீழே

வணக்கம் நேயர்களே.

இன்று பின்னேரம் இந்தக் கலையகத்துக்குக் குதிரைப்பந்தயத் திடல் பக்கமாக நடந்து வந்தேன். இப்போது அங்கே கடைகளும் றக்பி மைதானமும் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது அந்தத் திடலில் இருந்தும் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பின. குதிரை ஓடிய இடத்தில் அவசரத்துக்கு ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஜெட்டா, ஹெலிகொப்டரா என்று நான் இன்று பேசவந்த கேள்வி அன்று பறந்த பையன்களுக்கு இருக்கவில்லை. ஹெலிகொப்டர் அப்போது இன்னும் பரிசோதனைக் குழந்தை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை. ரத்மலானையில் பறப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பறப்பியலும் வானிலையும் வகுப்பறையில் படிப்பித்தவன். கரும்பலகைக்காரன். ஆகவே நான் சொல்வதில் பாதி புத்தகம், மீதி பறந்தவர்கள் தேநீர் நேரத்தில் சொன்னது.

சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்காவின் மகன். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன், கனடிய விமானப்படையில் மாணவ விமானி. சஸ்கச்சுவான் மாகாணத்தில் மூஸ் ஜோ என்றொரு சிறிய ஊர். அங்கே ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானத்தில் ஓடித் திரிந்துகொண்டிருந்தான். அந்தக் கட்டம் முடிந்ததும் மாணவர்களைப் பிரித்து அனுப்புவார்கள்: போர் ஜெட், பல இயந்திர விமானம், ஹெலிகொப்டர். விருப்பத்தை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மாமா, ஜெட்டோ ஹெலியோ? பெரிய விமானம் எனக்கு வேண்டாம், அது மட்டும் தெரியும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"எல்லாரும் ஜெட் எண்டுதான் சொல்லுகினம்."

எல்லாரும் என்றவுடன் எனக்கு நம் வீட்டுப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வீட்டில் நாம் எப்படிப் பேசுவோம்? இசட் புள்ளி நன்றாக வந்தால் மெடிசின். கொஞ்சம் குறைந்தால் டென்டல். அதுவும் இல்லையென்றால் பயோ சயன்ஸ், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பிள்ளைக்குப் பல்லைப் பார்ப்பது பிடிக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. விமானப் பயிற்சியிலும் பல நாடுகளில் இதே ஏணிதான். ஜெட் மேல்படி, ஹெலிகொப்டர் ஆறுதல் பரிசு. இந்த ஏணியைக் கட்டியவர்களில் முக்கால்வாசிப்பேர் தரையில் நிற்பவர்கள் என்பது என்னுடைய கணிப்பு.

அவனிடம் நான் கேட்டது வேறு. "தம்பி, படத்தில வாற நாளை விடு. மழை பெய்யிற ஒரு செவ்வாய்க்கிழமை, ஒருத்தரும் பார்க்காத நாள், அண்டைக்கு உன்ர கையும் காலும் என்ன செய்ய விரும்பும்?"

அதை விளங்கிக்கொள்ள இரண்டு இயந்திரங்களும் விமானியிடம் என்ன கேட்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஹெலிகொப்டரில் இடது கையில் ஒரு நெம்புகோல், கலெக்டிவ் என்பார்கள். அதை உயர்த்தினால் மேலே சுழலும் இறக்கைகள் எல்லாம் ஒன்றாகக் காற்றை அதிகம் கடிக்கும், இயந்திரம் எழும்பும். வலது கையில் சைக்ளிக். அது போகும் திசையைத் தீர்மானிக்கிறது. கால்களில் பெடல்கள், வால் விசிறிக்கு. மூன்று கருவி, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மூன்றும் கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒருவரைத் தொட்டால் மற்ற இருவரும் எழும்பிவிடுவார்கள். கலெக்டிவை உயர்த்தினீர்களா, இறக்கைகள் ஒரு பக்கம் சுழல, உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடிக்கப் பெடலை அழுத்துவீர்கள். பெடலை அழுத்தினால் வால் விசிறியின் உதை கூடி முழு இயந்திரமும் பக்கவாட்டில் நகரும். அதைத் தடுக்கச் சைக்ளிக்கைச் சற்றுச் சாய்ப்பீர்கள். சாய்த்தவுடன் மேலே தூக்கும் விசையில் கொஞ்சம் குறையும், திரும்பக் கலெக்டிவ். இப்படியே போகும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதற்கு இவ்வளவு பாடு. முதல் நாள் மாணவனுக்கு ஒரு காற்பந்து மைதானம் போதாது என்று சொல்வார்கள். பிறகு ஒருநாள், ஏன் என்று தெரியாமலே, கை பழகிவிடும். சைக்கிள் ஓடப் பழகியது போலத்தான்.

இயந்திரம் நின்றால் ஹெலிகொப்டர் கல்லாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹொர மரத்தின் இரட்டைச் சிறகுக் காய் சுழன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். விமானி உடனே கலெக்டிவைக் கீழே இறக்கினால், கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்குக் கிட்ட வந்ததும், சேர்ந்திருக்கும் அந்தச் சுழற்சியை ஒரே ஒரு தடவை செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஒரே ஒரு தடவை. இரண்டாவது வாய்ப்புக்குச் சக்தி மிச்சம் இருக்காது. அதோடு, உயரமும் வேகமும் இரண்டும் குறைவாக இருக்கும் நேரத்தில் இயந்திரம் நின்றால் இந்த வித்தைக்கும் அவகாசம் கிடையாது. ஆபத்தில் இருப்பவர்களைக் கயிற்றில் தூக்கி மீட்கும் வேலை நடப்பதோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான், ஐந்நூறு அடிக்குக் கீழே, மரத்துக்கும் கம்பிக்கும் அலைக்கும் நடுவில்.

இனி ஜெட்.

மணிக்கு 900 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 250 மீற்றர். காலிமுகத்திடலில் இருந்து கல்கிசைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர்; நாற்பது செக்கன். பின்னேரம் ஐந்து மணிக்கு நூறாம் நம்பர் பஸ்ஸில் அதே தூரம் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த வேகத்தில் கைத்திறனைவிடக் கணிப்புத்தான் பெரிது. விமானம் இருக்கும் இடத்தில் மனம் இருந்தால் பிந்திவிட்டது. மனம் எப்போதும் விமானத்துக்குச் சில மைல் முன்னால் ஓட வேண்டும். பயிற்சியில் தவறும் பிள்ளைகள் பலர் கை சரியில்லாமல் தவறுவதில்லை. மனம் விமானத்துக்குப் பின்னால் விழுந்துவிடுகிறது.

பிறகு உடம்பு. கூர்மையாகத் திரும்பும்போது போர் விமானி தன் எடையைப்போல ஒன்பது மடங்குவரை சுமக்க வேண்டி வரும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஏழு கிலோ என்று வையுங்கள். அந்த நேரம் கழுத்தின் மேல் அறுபது கிலோவுக்கு மேல் ஏறும். ஒரு அரிசி மூட்டை. இரத்தம் மூளையை விட்டுக் கீழே இறங்கும். முதலில் நிறங்கள் போகும், பிறகு பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கும், அதையும் மீறினால் நினைவு போகும். காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி அடக்கி விட்டு இரத்தத்தை மேலே பிடித்து வைக்கப் பழக்குகிறார்கள். காற்றடைத்த உடுப்பும் உதவும். ஆனால் கழுத்து நோவு வயதான பிறகும் கூடவே வரும் என்கிறார்கள்.

கனடா 2023 ஜனவரியில் 88 எஃப்-35 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. எஃப்-35இல் இரண்டு இருக்கை கொண்ட வகையே கிடையாது. சிமியுலேட்டரில் படித்துவிட்டு, முதல் தடவை உண்மையான விமானத்தில் ஏறும்போதே தனியாகத்தான் எழும்ப வேண்டும். பின்னால் ஆசிரியர் இல்லை. இதைக் கேட்டு ஒருவனுக்கு நெஞ்சு விரியும், இன்னொருவனுக்கு வயிறு கலங்கும். எது நடக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும் என்று அவனுக்குச் சொன்னேன்.

"ரெண்டும் நடக்குது மாமா" என்றான். அதுவும் நியாயம்தான்.

தனிமை என்ற விடயத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஜெட் விமானிகள் கூட்டமாகப் பறப்பவர்கள்தான். பறப்பு ஒரு மணித்தியாலம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் அறைக்குள் இருந்து, யார் எங்கே பிழைவிட்டார் என்று ஈவிரக்கமில்லாமல் பிரித்துப் பார்ப்பதில் பல மணித்தியாலம் போகும். ஆனால் மேலே, கண்ணாடிக்குள், நீங்கள் மட்டும்தான். கடலில் ஆளைத் தூக்கும் ஹெலிகொப்டரோ வேறு மாதிரி. கனடாவின் கோர்மரண்ட் மீட்பு ஹெலிகொப்டரில், கயிறு இறங்கும்போது நேர் கீழே இருப்பது விமானிக்குத் தெரியாது. கதவடியில் இருக்கும் பறப்புப் பொறியியலாளர்தான் அவருடைய கண். முன்னுக்கு ஐந்து, வலது இரண்டு, நில் என்று அவர் சொல்லச் சொல்ல, விமானி தன் கையை இன்னொருவருடைய வாய்க்கு ஒப்படைக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது வராது. சொல்வதைக் கேட்பதும் ஒரு பறப்புத் திறமை.

கப்பல் தளத்தில் இறங்குவது இன்னும் ஒரு படி. வட அத்திலாந்திக்கில் போர்க்கப்பலின் பின்தளம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும். சிறிய கப்பலில் பெரிய ஹெலிகொப்டரை இறக்குவதற்குக் கரடிப்பொறி என்று ஒன்றை உருவாக்கியதே கனடியக் கடற்படைதான். கப்பலில் இருந்து ஒரு வடம், ஹெலிகொப்டரின் வயிற்றில் கொளுவி, தளத்தை நோக்கி இழுத்துப் பிடித்து, தொட்டவுடன் பொறி கவ்விக்கொள்ளும். 1963இல் சேவைக்கு வந்த சீ கிங் ஹெலிகொப்டர் இந்த முறையோடு 2018வரை ஓடியது. ஒரு விமானியின் முழுச் சேவைக்காலத்தையும் விட நீண்ட வாழ்வு.

வேகத்தில் மட்டும் ஹெலிகொப்டருக்கு ஓர் எல்லை உண்டு. முன்னால் பாயும்போது ஒரு பக்க இறக்கை காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கம் காற்றோடு பின்வாங்குகிறது. வேகம் கூடக் கூடப் பின்வாங்கும் பக்கம் தூக்கும் சக்தியை இழக்கும். 1986இல் ஒரு பிரித்தானிய லிங்ஸ் மணிக்கு 400 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியது. வழமையான வடிவ ஹெலிகொப்டருக்கு அது பெரிய சாதனை. வேகம்தான் வேண்டும் என்பவன் இதைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி அக்கா கேட்கச் சொன்னாவாம். ஜெட்டில் வெளியே எறியும் இருக்கை இருக்கிறது. சென்ற வருடங்களில் நம் நாட்டிலேயே பார்த்தோம்: 2025 மார்ச்சில் வாரியபொலவில் ஒரு கே-8 பயிற்சி ஜெட் விழுந்தபோது இரண்டு விமானிகளும் பராசூட்டில் இறங்கினார்கள். ஹெலிகொப்டரில் பொதுவாக அது கிடையாது. தலைக்கு மேல் இறக்கைகள் சுழல்கின்றன. இறக்கைகளை வெடித்து அகற்றிவிட்டு ஆளை வெளியேற்றும் ரஷ்ய வகை ஒன்றிரண்டு உண்டு, அது விதிவிலக்கு. ஆனால் ஹெலிகொப்டர் ஆபத்து வருமுன் ஒரு வெட்டையிலோ விளையாட்டு மைதானத்திலோ இறங்கிவிடலாம், ஜெட்டால் அது முடியாது. ஆகவே எது பாதுகாப்பு என்று அக்காவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இரண்டு விதமான பயம் என்றுதான் சொல்லச் சொன்னேன்.

விருப்பம் எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும் என்றும் இல்லை. பயிற்சியில் எடுத்த புள்ளி, ஆசிரியர்களின் கருத்து, அந்த மாதம் எந்தப் பக்கம் எத்தனை இடம் காலி, இவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. அமெரிக்காவில் தரைப்படையில் விமானியாகச் சேர்ந்தவனுக்கு இந்தத் தலையிடியே பெரிதாக இல்லை. அங்கே அனேகமாக எல்லாம் ஹெலிகொப்டர்தான். எந்தப் படையில் சேர்கிறாய் என்பதிலேயே பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது. அமெரிக்க விமானப்படையில் ஜெட்டுக்குப் போகிறவர்கள் டி-38 என்ற பயிற்சி ஜெட்டில் ஏறுவார்கள். அது முதலில் பறந்தது 1959இல். என்னைப் போன்ற கிழவன்தான் அதுவும்.

ஊரையும் பார் என்றேன். கனடாவில் போர் ஜெட் என்றால் அல்பேட்டாவில் கோல்ட் லேக், இல்லையென்றால் கியூபெக்கில் பகோட்வில். இரண்டிலும் நல்ல தோசை கிடைக்காது. ஹெலிகொப்டர் விமானிக்கு இரண்டு கடற்கரையிலும் நடுவிலும் தளங்கள் இருக்கின்றன. சிரித்தான். ஆனால் கலியாணம் கட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் இது சிரிப்பில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அக்காவோடு பிறகு நானே பேசினேன். அவன் என்ன கேட்கிறான் என்று அவவுக்குத் தெரியும், ஆனால் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியாகச் சொன்னா:

"தம்பி, ஹெலி எண்டாலும் பொம்மர் எண்டாலும் எனக்குப் பங்கர்தான் ஞாபகம் வரும். சத்தத்தை வைச்சே எது வருகுது எண்டு சொல்லுவம். இவன் என்னட்டை எது நல்லம் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. கரும்பலகையில் எழுத முடியாத பகுதி அது. யாழ்ப்பாணத்தில் இருந்து போன ஒரு தாயின் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள்ளேயே போய் உட்காருவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவவிடமும் கேட்கவில்லை. சில நேரம் மௌனமாக இருந்தோம். பிறகு அவ மழையைப் பற்றிக் கேட்டா. வெள்ளவத்தையில் தண்ணீர் நிற்கிறதோ என்று.

அவன் ஹெலிகொப்டரை முதலாவதாக எழுதினான், ஜெட்டை இரண்டாவதாக. கிடைத்தது ஹெலிகொப்டர். கேட்டதால் கிடைத்ததோ, இடம் இருந்ததால் கிடைத்ததோ, அவனுக்கும் தெரியாது. மனிற்றோபாவில் போர்டேஜ் லா பிரெய்ரி என்ற ஊருக்கு அனுப்பினார்கள். முதல் நாள் அந்தரத்தில் நிறுத்தப் பழகிவிட்டு இரவு எடுத்தான். "மாமா, நீங்கள் சொன்ன காற்பந்து மைதானம் காணாது" என்றான். குரலில் அவ்வளவு சந்தோசம்.

இப்போது அத்திலாந்திக் பக்கம் இருக்கிறான். அக்கா கிழமைக்கு ஒருமுறை கதைப்பா. அவன் பறக்கிற நாள் என்றால், "அவனுக்கு இண்டைக்கு வேலையாம்" என்று மட்டும் சொல்லுவா. அன்றைக்குப் பிறகு ஹெலி என்ற சொல் அவவின் வாயில் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.