கைகளுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் நின்றபடி இன்று நான் பேசப்போவது, ஆவண ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமாரைப் பற்றி. இறால் ஓடு, மீன் தலை, செதில் என்று மற்றவர்கள் கழித்துப்போடுவதைச் சேர்த்து விற்றுப் பிழைக்கும் பெண்கள் இந்தத் துறைமுகத்தில் இருக்கிறார்கள். அவர் இங்கே எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக நான் வஞ்சிரத்தையும் விசைப்படகையும் மட்டுமே உங்களுக்குக் காட்டிவந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பழனி குமார் மதுரையை அடுத்த ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்தவர். தாயார் மீன் விற்றவர். மனிதக் கழிவை அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழின் ஒளிப்படக் கலைஞரான அவருக்கு, 2022-இல் முதலாவது தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது கிடைத்தது. விருதுக் கதை இவ்வளவு போதும்.

2019-இல் வெளியான கடற்பாசிப் படங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிக்கீற்றுகளைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். வேறொருவர் கையில் கேமரா இருந்திருந்தால் கடலின் நீலமே படத்தை விழுங்கியிருக்கும் என்பது என் எண்ணம். இவரோ அந்தத் துணி சுற்றிய விரல்களில் நிற்கிறார். மீன் விற்கும் அம்மாவின் கைகளைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பார்வை அங்கே போவதில் வியப்பில்லை.

தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் படமெடுக்கவும் அவர் கற்றுக்கொடுக்கிறார். படம்பிடிக்கப்பட்டவர்களே படம்பிடிப்பவர்களாகும்போது, யார் யாரைப் பார்ப்பது என்ற பழைய கணக்கு மாறிவிடுகிறது.

இன்று விடியற்காலையில் செதில் அள்ளிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் அனுமதி கேட்டேன். "இந்த நாத்தத்த எதுக்குத் தம்பி புடிக்கிற? அந்தா, பெரிய மீன் எறங்குது பாரு" என்று அவரே என் கேமராவைத் திருப்பிவிட்டார். அவர் காட்டிய திசையில் என்னைப் போல் நான்கைந்து பேர் ஏற்கெனவே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பழனி குமாரின் படங்களைப் பாரி தளத்தில் தமிழ் விளக்கத்துடனேயே பார்க்கலாம். கடற்பாசித் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.